ஏழு மதிலும் ஒரு ஞாயித்துக்கெழமையும்

வல்லத்திராக்கோட்டை
3-11-2025

தம்பி வசந்தகுமாருக்கு அக்கா சொர்ணவல்லி எழுதுறது.

இங்க நானு, ஒங்க மச்சான், கார்த்திகா, ஆடு மூணு, அடகாக்குற கோழி ஒண்ணு எல்லாரும் நல்லாருக்கோம். ஓசூர்ல குளிரு தாங்கலன்னு டிவியில சொன்னாங்க. காதுக்குத் துணி கட்டிக்கிட்டு வேலைக்குப் போறியா? போன தடவ சொன்ன இடுப்பு வலி எப்படி இருக்கு?

போன் இருக்கயில ஏன் கடுதாசின்னு கேப்ப. நம்ம வீட்டுல போன் பேசுனா மூணு வீட்டுக்குக் கேக்கும். நம்ம கதை ஆட்டத்துல அடுத்து என்ன வரப்போகுதுன்னு ஆடுறவுகளுக்குத் தெரியவே கூடாதுன்னு சொல்லிக்குடுத்தவனே நீதான். அதுல ஒருத்தி எம் மக கார்த்திகா, வீட்டுக்குள்ளயே இருக்கா. பத்து வயசுல ஆடு மேச்சுக்கிட்டிருந்தவள அறிவொளி வகுப்புல புடிச்சு ஒக்கார வச்சாங்களே, அந்த எழுத்து இப்பத்தான் ஒதவுது. நீ பதில் போடயில கவர நல்லா பசை வச்சு ஒட்டு. தபால் கொண்டாந்து குடுக்குற தேவிப்ரியாவும் ஆட்டக்காரிதான். ஆட்டத்துல அவ திருடி வேற.

விசயத்துக்கு வாரேன். நேத்தோட டிராகன் கதை முடிஞ்சுபோச்சு. கொரானா வருசத்துல நீ ஒரு புஸ்தகத்தையும் இருவது மூஞ்சிப் பகடையையும் கொண்டாந்து, "ஒருத்தர் கதை சொல்லணும், மத்தவுக ஆளுக்கொரு வேசம் எடுத்துக்கிட்டு நான் இதச் செய்யிறேன்னு சொல்லணும், அது நடக்குமா நடக்காதான்னு பகடை சொல்லும்"னு சொன்னப்ப, இதெல்லாம் ஒரு வெளையாட்டான்னு சிரிச்சவ நான். நீ ஓசூர் போனதும் கதைகாரியா ஒக்காந்தேன். மூணு மாசத்துல முடிஞ்சுரும்னு நீ குடுத்த கதை, எங்கிட்டப் பதினாலு மாசம் ஓடிருச்சு. ஒரு சத்திரம் வந்தா அந்தச் சத்திரத்துக்காரி ஏன் ஒத்தக் கம்மல் போட்ருக்கான்னு சொல்லாம எப்புடித் தாண்டிப் போறது?

ஆளுக வராம கதை நொண்டக்கூடாதுன்னு திருவிழாவுக்குக் கட்டுறாப்புல எல்லாருக்கும் மஞ்சத்துண்டு வச்சுக் காப்பு கட்டுனேனே, அது நல்லா வேலை செஞ்சுச்சு. காப்பு கட்டுன ஆளு கதை முடியிற வரைக்கும் வெளியூர்ல தங்கக்கூடாது. ஆனந்தராஜ் தங்கச்சி கல்யாணத்துக்குத் திருச்சி போயிட்டுக்கூட, கடைசிப் பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்துட்டான்.

டிராகன முடிச்சது கார்த்திகாதான். ஆனந்தராஜ் வழக்கம்போல "அக்கா, அடியில தோண்டிப் போயிரலாமா?"ன்னான். ஜேசிபி ஓட்டுறவனுக்கு எதப் பாத்தாலும் தோண்டணும். நானும் வழக்கம்போல "பாறை"ன்னுட்டேன். இந்தப் புள்ள எந்திரிச்சு, "டிராகன் எங்க தண்ணி குடிக்கும்?"னு கேட்டா பாரு. எனக்கே தெரியல. "சுனையில"ன்னு சொல்லி வச்சேன். ஒடனே மூங்கில் கொழாய வச்சு, மோட்டாரு இல்லாமலே சுனைத் தண்ணிய மலைக்கு அங்கிட்டு எறக்கிப்புட்டா. தண்ணி இல்லாத டிராகன் நாக்கத் தொங்கப்போட்டுத் தூங்கிருச்சு. ஒரு கத்திக்குத்து இல்ல. என் வயித்துல பொறந்த மூளையான்னு நானே அசந்துபோனேன்.

அவ டிப்ளமா முடிச்சு ஆறு மாசமாச்சு. வீட்டுலதான் இருக்கா. சரி, அடுத்து என்ன கதை வைக்கலாம், சொல்லு.

பாசமுள்ள அக்கா,
சொர்ணவல்லி

ஓசூர்
17-11-2025

அக்காவுக்கு,

எல்லாரையும் விசாரிச்சதாச் சொல்லுங்க, அடகாக்குற கோழியையுந்தான். இடுப்பு தேவலை. குல்லா வாங்கிட்டேன்.

டிராகன் தூங்குன எடத்த மூணு தடவ படிச்சேன்க்கா. இங்க காலேஜ் படிச்சவங்க ஒரு குரூப்பா ஆடுறாங்க. அவங்களுக்கு நான் கதை சொல்றப்ப, ஒங்க சத்திரத்துக்காரியத் திருடித்தான் சொல்றேன். எல்லாரும் என்னப் பெரிய ஆளுன்னு நெனைக்கிறாங்க.

மூணு புஸ்தகம் தமிழ்ல சுருக்கி எழுதி இதோட வச்சிருக்கேன். ஒண்ணு 'உப்பங்காத்து வீடு', பேய் வீடு, மூணே வாரம். ரெண்டு 'நூறு தீவு', கப்பல்ல போறது, எட்டு மாசம். மூணு 'ஏழு மதில்': ஏழு மதிலுக்குள்ள ஒரு ராசா ஆத்துத் தண்ணிய அடைச்சு வச்சிருக்கான், அதத் தொறந்து விடணும். ஒரு மதிலுக்கு மூணு மாசம் கணக்கு. மொத்தம் ரெண்டு வருசம். ஒங்க கையில நாலு வருசம்.

எனக்கென்னவோ பேய் வீடு சரின்னு படுது.

வசந்தகுமார்

வல்லத்திராக்கோட்டை
26-11-2025

தம்பிக்கு,

கடுதாசி கெடச்சுச்சு. தேவிப்ரியா கவர வெளிச்சத்துல புடிச்சுப் பாத்துக்கிட்டேதான் குடுத்தா. "அக்கா, எம் பகடைக்கு நல்லது ஏதாச்சும் எழுதிருக்கா?"ன்னு கேக்குறா. குல்லா வாங்குனது சந்தோசம். கோழி ஒம்பது குஞ்சு பொரிச்சிருக்கு.

நூறு தீவு வேணாம். கட்டுமாவடியில சொந்தக்காரவுக படகுல ஏறி, கரைக்குப் பக்கத்துலயே வாந்தி எடுத்தவன் ஆனந்தராஜ். கதையில கப்பலுன்னு சொன்னாலே மொகம் வெளிறிரும். பேய் வீடு மூணு வாரமாம். எனக்கு அந்த வீட்டு வாசப்படி ஏறவே மூணு வாரம் ஆகும்.

ஏழு மதிலு நல்லாருக்கு. ரெண்டு வருசம்ங்கறது நல்லாருக்கு.

வேற ஒண்ணும் விசேசமில்ல. தேவிப்ரியா ரெண்டு வாரத்துக்கு முன்னாடி கோயமுத்தூர்ல இருந்து ஒரு கவரு கார்த்திகாவுக்குக் கொண்டாந்தாளாம், கம்பெனிக் கவரு, கையெழுத்து வாங்கிட்டுக் குடுத்தாளாம். பேச்சுவாக்குல சொன்னா. கார்த்திகா எங்கிட்ட ஒண்ணும் சொல்லல. நானும் கேக்கல. கடலை வெதைக்கணும், வேலை கெடக்கு.

காப்பு தை மாசம் கட்டலாம்னு இருக்கோம்.

அக்கா

ஓசூர்
9-12-2025

அக்காவுக்கு,

நலந்தான. ஷிப்ட்டு மாறிருச்சு, அதான் லேட்டு.

பேய் வீட்டையே வைங்கக்கா. சின்னதுன்னு நெனைக்காதீங்க, சின்னதுலதான் ஒங்க தெறமை தெரியும். ஏழு மதிலுக்கு நாலு பேராச்சும் வேணும், ஒங்களுக்கு மூணு பேருதான். தை மாசம் கட்டுங்க. பொங்கல் முடியட்டும். அவசரமே இல்ல. பொங்கலுக்கு முன்னாடி வேணவே வேணாம்.

கார்த்திகாகிட்ட நல்லாப் பேசிக்கிட்டிருங்க.

வசந்தகுமார்

வல்லத்திராக்கோட்டை
29-12-2025

தம்பிக்கு,

இங்க எல்லாரும் சொகம். ஒம்பது குஞ்சுல ரெண்ட பருந்து தூக்கிருச்சு.

நேத்து ஞாயித்துக்கெழம ஏழு மதிலுக்குக் காப்பு கட்டியாச்சு.

மார்கழியில யாராச்சும் காப்பு கட்டுவாங்களான்னு தேவிப்ரியா கேட்டா. "சாமிக்குத்தான் மாசம் பாக்கணும், ஆட்டத்துக்கு என்ன?"ன்னேன். ஆனந்தராஜுக்கு மொதல்ல கட்டுனேன். கையி ஒரல் மாதிரி, ரெண்டு சுத்துக்கே நூலு முடிஞ்சுபோச்சு. அப்பறம் தேவிப்ரியா. கார்த்திகா செத்த நேரம் நின்னா. மொகத்துல எதுவும் தெரியல. அப்பறம் கைய நீட்டுனா. கட்டிட்டேன்.

சத்துமாவு உருண்டை புடிச்சேன். ஆளுக்கு மூணு. அவ ஒண்ணுகூடத் திங்கல, பல்லு வலியாம்.

அக்கா

ஓசூர்
6-1-2026

அக்காவுக்கு,

இந்தக் கடுதாசிய நாலு தடவ எழுதிக் கிழிச்சுட்டேன். ஒங்க ஒடம்பு எப்படி, மச்சான் எப்படின்னு எல்லாம் கேட்டதா வச்சுக்கங்க.

கார்த்திகாவுக்குக் கோயமுத்தூர்ல பம்பு கம்பெனியில வேலை கெடச்சிருக்கு. டெஸ்டிங் பிரிவுல. இருவத்தஞ்சு பேரு பரீட்சை எழுதி மூணு பேர எடுத்திருக்காங்க, அதுல இவ ஒருத்தி. பிப்ரவரி ரெண்டாந்தேதி சேரணும். நவம்பர்லயே எனக்கு போன்ல சொல்லிட்டா. "மாமா, பொங்கல் அன்னிக்கு அம்மாகிட்ட நானே சொல்றேன், அதுக்கு முன்னாடி நீங்க சொல்லிறாதீங்க"ன்னு சத்தியம் வாங்கிட்டா. அதனாலதான் பேய் வீடு, பேய் வீடுன்னு கத்திக்கிட்டிருந்தேன்.

நேத்து பேசுனா. "வரலன்னு கம்பெனிக்கு எழுதிறப்போறேன் மாமா"ன்னா. ஏன்னு கேட்டா, "காப்பு கட்டியாச்சே"ன்னா. அழுகல. அது இன்னும் கஷ்டமா இருந்துச்சு.

வாக்கு மீறிட்டேன். அவ என்னத் திட்டட்டும். நூல அறுத்து விட்ருங்கக்கா. அது வெளையாட்டுத்தான.

வசந்தகுமார்

வல்லத்திராக்கோட்டை
13-1-2026

தம்பிக்கு,

பொங்கலுக்குச் செவுத்துக்கு வெள்ளையடிச்சிருக்கோம், கையெல்லாம் சுண்ணாம்பு. அதான் எழுத்து ஒரு மாதிரி இருக்கு.

ஒங்கிட்ட மறச்சு என்ன ஆகப்போகுது. அந்தக் கவர நான் பாத்துட்டேன்டா. அவ குளிக்கப் போனப்ப, பொட்டியில துணிக்கு அடியில இருந்துச்சு. இங்கிலீசுல இருந்துச்சு, ஒண்ணும் வெளங்கல. ஆனா தேதி இலக்கத்துல இருந்துச்சு. இலக்கம் எனக்குத் தெரியும். அதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கெழமையாப் பாத்துக் காப்பு கட்டுனேன். கைய நீட்டுனா இருப்பா, நீட்டலன்னா போவான்னு நெனச்சேன். அவ நீட்டுவான்னு தெரிஞ்சுதான் நெனச்சிருக்கேன். இத எழுதயில பேனா நிக்கிது.

நேத்து அவகிட்டப் போயி, "போயிட்டு வா தாயி"ன்னேன். "கட்டுனதுக்கு அப்பறம் போகக்கூடாதுன்னு நீதானம்மா சொன்ன. ஆனந்தராஜண்ணன் தங்கச்சி கல்யாணத்துலயே தங்கலயே"ன்னா. நூல அறுக்கச் சொல்ற. நான் அறுத்துட்டா இனிமே எங் கதைய யாரு நம்புவா? அவளே அறுக்க விடமாட்டா. எம் மகளாச்சே, என்னவிடப் பிடிவாதம்.

கதை முடிஞ்சா காப்ப அவுக்கலாம். அது ஒண்ணுதான் வழி. பொங்கலுக்குச் சொந்தக்காரவுக வாராங்க, பதினெட்டாந்தேதி ஆட்டமில்ல. ஒண்ணாந்தேதிக்கு அவ அங்க இருக்கணும், மிஞ்சி இருக்குறது இருவத்தஞ்சாந்தேதி ஒரே ஞாயித்துக்கெழம. ரெண்டு வருசக் கதைய ஒரு நாளுல எப்புடிடா முடிக்கிறது? சத்திரத்துக்காரி கம்மலுக்கே ரெண்டு வாரம் எடுத்தவடா நான்.

ஒடனே எழுது. ஸ்பீடு போஸ்ட்டுல போடு.

அக்கா

ஓசூர்
19-1-2026

அக்கா,

சொகம் விசாரிக்க நேரமில்ல. பசையும் ஒழுங்கா ஒட்டல, தேவிப்ரியா படிச்சாலும் படிக்கட்டும்.

ஏழு மதில் இருக்குன்னு புஸ்தகம் சொல்லுது. மதில் வழியாத்தான் போகணும்னு எங்கயுமே சொல்லல.

ஒங்ககூட ஒருத்தன் அஞ்சு வருசமா ஒரே கேள்வியக் கேட்டுக்கிட்டிருக்கான். அதுக்கு இந்தத் தடவ வேற பதில் சொல்லுங்க.

வசந்தகுமார்

வல்லத்திராக்கோட்டை
27-1-2026

தம்பிக்கு,

எல்லாரும் சொகமா இருக்கோம்னு மொதல்ல எழுதிப்புடுறேன். நீ நெஞ்சப் புடிச்சுக்கிட்டுப் படிப்ப.

ஞாயித்துக்கெழம காலையிலயே எல்லாரும் வந்துட்டாங்க. தேவிப்ரியா எங் காதுல வந்து, "அக்கா, கவரு வாயத் தொறந்துதான் இருந்துச்சு, ஆனா நான் படிக்கல"ன்னா. அவ சொன்ன வெதத்துலயே படிச்சுட்டான்னு தெரிஞ்சுபோச்சு. ஒங்க மச்சான் எப்பயும்போல வாசல்ல கட்டில்ல படுத்துட்டாரு.

மொத மதிலு முன்னாடி நிக்கிறாங்க. "என்ன செய்யிறீங்க?"ன்னேன்.

ஆனந்தராஜ் தலையச் சொறிஞ்சுக்கிட்டு, "அக்கா, அடியில தோண்டுனா?"ன்னான்.

"பாறைன்னு சொல்லும் பாரு"ன்னு தேவிப்ரியா சிரிச்சா.

"தோண்டு"ன்னேன்.

அந்தப் பயலுக்கு நம்ப முடியல. "பாறை இல்லையாக்கா?"

"செம்மண்ணு. நேத்து மழை பேஞ்சு பதமா இருக்கு."

"எம்புட்டுத் தூரம் தோண்டலாம்?"

"ஏழு மதிலுக்கும் அடியில போ."

அவன் மொகத்த நீ பாத்திருக்கணும். ரெண்டு கையும் தன்னால லிவர் தள்ளுது. வாயில ஜேசிபி சத்தம் போடுறான். முப்பத்தாறு வயசு ஆம்பள. பகடையப் போட்டான், பதினெட்டு. எனக்குக் கண்ணு கலங்கிருச்சு, வெங்காயம் நறுக்குனேன்னு சொல்லிட்டேன்.

அப்பத்தான் கார்த்திகா ஆரம்பிச்சா.

"தோண்டுன மண்ண எங்க கொட்டுறது?"

"பின்னாடி."

"மதிலு மேல காவக்காரன் இருப்பான்ல, அவன் பேரு என்ன?"

தம்பி, அந்தக் காவக்காரனுக்கு நான் ஒரு கதை வச்சிருந்தேன். பேரு வயிரவன். அவன் ஏன் மதில விட்டு எறங்கவே மாட்டேங்குறாங்குறதுக்கே நாலு ஞாயித்துக்கெழம ஓடும். நாக்கு நுனிக்கு வந்துருச்சு. முழுங்கிட்டேன்.

"பேரு இல்ல. தூங்குறான்."

"எந்த ஊருக்காரன்?"

"ஊரும் இல்ல."

"கல்யாணம் ஆயிருச்சா?"

"ஏண்டி, அக்கா விட்டாலும் நீ விடமாட்ட போல இருக்கே!"ன்னு தேவிப்ரியா கத்துனா. கார்த்திகா தலையக் குனிஞ்சுக்கிட்டா. அப்பத்தான் எனக்கு ஒறச்சுச்சு. அஞ்சு வருசமா எந்த எடத்துல நான் வழுக்கி வேற கதைக்குள்ள போவேன்னு அவளுக்கு அத்துப்படி. அந்த எடமாப் பாத்துப் பாத்துக் கல்ல போடுறா. கதை முடிஞ்சுரக்கூடாதுன்னு. என்ன மாதிரி கெட்டிக்காரி பாரு. என்னையக் கட்ட எங் கயிறையே எடுத்துட்டா. அவ கேக்குறா, நான் ஒத்த வார்த்தையில பதில் சொல்றேன். சுண்டல் ஆறிப்போச்சு. எங் கதைய நானே ஓட ஓட வெரட்டுன மாதிரி இருந்துச்சு.

மத்தியானம் திரும்பி ஏழாவது மதிலுக்கு உள்ள வந்துட்டோம். தேவிப்ரியா பூட்டத் தொறந்தா. உள்ள ஆறு. பெரிய மடைக்கதவு. அதத் தொறக்கத் தெரிஞ்சவ கார்த்திகா ஒருத்திதான். "என்ன செய்யிற?"ன்னேன்.

"தொறக்கல."

"ஏன்?"

"தொறந்தா முடிஞ்சுரும்."

ஆனந்தராஜ் ஜேசிபியக்கூட நிறுத்திட்டான்.

வாசல்ல இருந்து ஒங்க மச்சான் கொரலு வருது: "பகடையப் போடு தாயி. வெயிலு எறங்குது." அஞ்சு வருசமா அந்த மனுசன் தூங்கவே இல்லடா. மொத்தக் கதையும் கேட்டுக்கிட்டே படுத்திருக்காரு!

அவ போட்டா. கண்ண மூடிக்கிட்டுப் போட்டா. பகடை உருண்டு உருண்டு நேரா பீரோவுக்கு அடியில போயிருச்சு. ஆனந்தராஜ் குனியப் போனான். "ஒக்காரு"ன்னேன்.

"என்ன விழுந்துச்சும்மா?"

"இருவது"ன்னேன். "கதவு தொறந்துக்கிருச்சு. ஆறு வெளிய போயிருச்சு. கதை முடிஞ்சுது."

இந்த வீட்டுல பகடையப் பாக்காம நான் எண்ணு சொன்னதே இல்ல. அவுக மூணு பேருக்கும் அது தெரியும். கார்த்திகா கையில காப்பு முடிச்சு எறுகிப்போச்சு, கையால அவுக்க முடியல. பல்லால கடிச்சு அவுத்தேன்.

சனிக்கெழம நாங்க ரெண்டு பேரும் கொண்டுபோயி விட்டுட்டு வாரோம். நீ அவள விட்டுக் குடுக்காம இருந்ததுக்கு ஒனக்கு ஒரு நாளைக்குக் கோழி அடிச்சுப் போடுறேன்.

அக்கா

கோயமுத்தூர்
15-2-2026

அம்மாவுக்கும் அப்பாவுக்கும்,

நல்லா இருக்கேன். ஹாஸ்டல்ல சாம்பாருல வெல்லம் போடுறாங்க, மத்தபடி கொறையில்ல. ஒரு பம்பு நிமிசத்துக்கு எம்புட்டுத் தண்ணி தள்ளுதுன்னு அளக்குறதுதான் வேலை. மேஸ்திரி என்னைய ஒரு தடவதான் திட்டுனாரு. அப்பாவுக்குக் கால்வலி எப்படி? குஞ்சு எல்லாம் பெருசாயிருச்சா?

ரூம்ல திருமயம் பக்கத்துப் பொண்ணு ஒருத்தி, சேதுலட்சுமின்னு. இன்னொருத்தி செவந்தி, ஈரோட்டுக்காரி. ரெண்டு பேரும் ஞாயித்துக்கெழமயானா வீட்டு நெனப்புல மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்காங்க. ஆட்டத்தப் பத்திச் சொன்னேன். பகடை இல்ல. ஒண்ணுலேருந்து இருவது வரைக்கும் சீட்டு எழுதி டம்ளர்ல போட்டு வச்சிருக்கேன். என்ன கதை வைக்கலாம்மா? மாமாகிட்டக் கேட்டேன், ஒங்கிட்டத்தான் கேக்கணும்னுட்டாரு.

அன்னிக்கு நெசமாவே என்ன விழுந்துச்சு?

கார்த்திகா

வல்லத்திராக்கோட்டை
23-2-2026

எந் தங்கம் கார்த்திகாவுக்கு அம்மா எழுதுறது.

அப்பா கால்வலி தேவலை. குஞ்சு ஏழும் தலைக்கு மேல பறக்குது. கடலை காய் புடிச்சிருச்சு. இங்கிட்டு நாங்க மூணு பேரும் நூறு தீவ ஆரம்பிச்சிட்டோம். ஆனந்தராஜ் கப்பல்ல ஏற மாட்டேன்னு கரையிலேயே நிக்கிறான், மூணு வாரமா. ஒங்கப்பா கட்டில உள்ள இழுத்துப் போட்டுக்கிட்டு, கடல்கொள்ளக்காரன் வேசம் கேக்குறாரு.

ஒனக்குப் பேய் வீட்ட வை. மூணு வாரந்தான். காப்பு கட்டாத. ஞாயித்துக்கெழம சோறு மட்டும் நல்லாப் போடு, தானா வருவாங்க. செவந்திப் புள்ளைக்குப் பயப்படுற வேசம் குடுக்காத, வீட்ட நெனச்சு அழுகுற புள்ளைக்குச் சாவி வச்சிருக்குற வேசம் குடு. நீ கேக்காமலே இதெல்லாம் செய்வன்னு தெரியும். என்னையவிட நல்லாச் சொல்லுவ. அன்னிக்கு நீ எனக்குக் குறுக்க போட்ட கேள்வி ஒவ்வொண்ணும் நல்ல கேள்வி தாயி. அதுக்குப் பதில் சொல்லாம விட்டதுதான் இன்னும் நெஞ்சுல நிக்கிது. அதனால காவக்காரன் வயிரவன் கதைய தனியா பதினோரு பக்கம் எழுதி இதோட வச்சிருக்கேன். அவனுக்கு ஊரு இருக்கு. கல்யாணமும் ஆயிருச்சு. ஒங் கதைக்கு நடுவுல எங்கயாச்சும் வச்சுக்க.

சீட்டெல்லாம் வேணாம். நேத்து நானும் ஒங்கப்பாவும் பீரோவ நவுத்தி, பகடைய எடுத்தோம். தொடச்சுப் பஞ்சுல சுத்தி அனுப்பியிருக்கேன், கவரத் தடவிப் பாத்து தேவிப்ரியா என்னன்னு கேப்பா, கேட்டுட்டுப் போறா. எடுக்கயில எந்த மூஞ்சி மேல இருந்துச்சுன்னு நானும் பாத்தேன், அவரும் பாத்தாரு. பீரோவத் திரும்ப நவுத்தி வச்சிட்டோம்.

ஒழுங்காச் சாப்புடு.

அம்மா